கை சொன்னவள்

அந்த வருஷம் பதினாலு ஆட்டம் ஆடினோம், பதினாலிலும் ஜெயித்தோம். கல்லூரி வாசலில் எங்கள் பன்னிரண்டு பேர் படத்தையும் பெரிதாக அச்சடித்து மாட்டியிருக்கிறார்கள். ஏணி கோப்பையைப் பிடித்திருக்கிறாள். நான் அவள் பக்கத்தில் நிற்கிறேன், சிரிக்கவில்லை. போட்டோக்காரர் மூன்று தடவை "சிரிங்கம்மா" என்று கெஞ்சிப் பார்த்துவிட்டு, போதும்டா சாமி என்று அமுக்கிவிட்டார்.

ஏணி என்பது பட்டப்பெயர். ஆறடிக்கு ஒரு விரல் குறைவு, வகுப்பில் மின்விசிறிக்குக் கீழே உட்காரப் பயப்படுவாள். என்னைச் செங்கல் என்பார்கள். என் அம்மா சித்தாள். கட்டட வேலையில் கல்லும் மண்ணும் சுமப்பவள். பத்து வயதிலிருந்து லீவு நாளெல்லாம் நானும் அவளோடு போய்ச் சுமந்தவள்தான். முதல் வருஷம் ஒருத்தி கிண்டலுக்கு அந்தப் பெயரை வைத்தாள். வைத்தவள் ஒரே மாதத்தில் மூச்சு வாங்குகிறது என்று அணியை விட்டு ஓடிவிட்டாள். பெயர் மட்டும் தங்கிவிட்டது.

எங்களுக்கு முன்னால் அந்தக் கல்லூரியில் பெண்கள் கூடைப்பந்து அணி என்பது ஆண்டு மலரில் படம் போடுவதற்கு மட்டும் இருந்தது. மைதானம் கேன்டீனுக்குப் பின்னால். சிமென்ட் தரை, பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு ஓரமாக ஓடும். ஒரு பக்க ரிங்கில் வலை கிடையாது. பயிற்சி கொடுத்த மேடம் நாற்பது வயதுக்காரி, முட்டியில் பெல்ட் கட்டியிருப்பாள். அவளுக்கு நிரந்தர வேலை இல்லை, வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். "ஒரு கப்பு வாங்கிக் குடுங்கடி, நானும் நாற்காலியில உக்காந்துக்கறேன்" என்று எங்களிடமே சொல்வாள். மூடி மறைக்காமல் பேசுகிறாள் என்று அவளை எங்களுக்குப் பிடித்துப்போயிற்று.

முதல் நாள் பந்து பிடிக்கிற பயிற்சியில் யாரோ என் முதுகுப் பக்கமிருந்து வீசியதைத் திரும்பாமலே பிடித்தேன். மேடம் விசிலை வாயிலிருந்து எடுத்தாள்.

"எங்கேடி கத்துக்கிட்டே?"

"கட்டடத்துல, மேடம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. விவரமாகச் சொல்லச் சொன்னாள்.

லாரியிலிருந்து இறக்கிய செங்கல்லை மாடிக்கு ஏற்றும்போது வரிசையாக நிற்போம். தரையில் ஒருத்தி, சாரத்தில் ஒருத்தி, மேல் தளத்தில் ஒருத்தி. இரண்டிரண்டு கல்லாகச் சேர்த்து வீச வேண்டும். மேலே இருப்பவள் கை காலியானதும் "கை!" என்று குரல் கொடுப்பாள். அந்த ஒரே குரலுக்குக் கீழே இருக்கிற இரண்டு பேரும் கல்லை விட்டுவிட வேண்டும். யோசிக்கக் கூடாது, நிமிர்ந்து பார்க்கவும் கூடாது. வைத்துக்கொண்டு நின்றால் கீழே இருந்து வருகிற அடுத்த ஜோடி உன் மேல்தான் விழும். கை காலியில்லாமல் கை சொல்லவும் கூடாது. அப்படிச் சொன்ன ஒருத்திக்கு முன்பல் இரண்டும் போனது, நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதனால் எங்கள் ஆட்களில் யாருமே அந்தச் சொல்லை விளையாட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

மேடம் அதை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுவந்தாள். மறிக்க ஆளில்லாமல் நிற்கிறவள் "கை!" என்று கத்த வேண்டும், பந்து வைத்திருக்கிறவள் அந்தக் குரலுக்கு விட வேண்டும். கண்ணால் தேடக் கூடாது. பழக்கம் வரட்டும் என்று நாலு பேரை அம்மா வேலை செய்த கட்டடத்துக்கே அனுப்பினாள். மூன்று பேருக்கு மறுநாள் விரல் மடங்கவில்லை, வரவில்லை. ஏணி மட்டும் ஞாயிறுதோறும் வந்தாள். மேல் தளத்தில் அம்மாவோடு நின்று கல் பிடித்தாள்.

"இவ நின்னா சாரமே கட்ட வேண்டாம் மேஸ்திரி" என்பாள் அம்மா.

"ரெண்டு நாள் நட்டு வெச்சா மேல்மாடியும் கட்டிடலாம்" என்பார் மேஸ்திரி.

ஏணி எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவாள். எங்கள் அம்மாவை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். அவள் அப்பா வேன் ஓட்டினவர், இடுப்பு ஒடிந்து கட்டிலில் கிடந்தார். கீழே இரண்டு தங்கச்சிகள். எங்களுக்குள் ஒளிவு மறைவு கிடையாது என்று நினைத்திருந்தேன்.

மூன்றாம் வருஷம் தொடங்கியதும் மேடம் எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டாள்.

"துறைமுகக் கம்பெனிக்குப் பொண்ணுங்க டீம் இருக்கு. ஆட எடுத்தா ஆபீஸ்ல நிரந்தர வேலை. இந்த வருஷம் நம்ம போட்டியில இருந்து ரெண்டு பேர் எடுக்கறாங்களாம். நீங்க ரெண்டு பேரும்தான். ஆனா சும்மா வராது, கப்பு வேணும்."

"வாங்கிடலாம் மேடம்" என்றாள் ஏணி.

"எப்படி வாங்கறதுன்னு நான் சொல்றேன். செங்கல் பாஸ் போடறா, நீ கூடையில போடறே. செங்கல், நீ ஷூட் பண்ணாதே. உன் கையில பந்து நின்னா நம்ம ஆட்டமே நின்னுடும். ஸ்கோர் தாள்ல உன் பேருக்கு நேரா ஒண்ணும் இருக்காதுதான். அதைப் பத்திக் கவலைப்படாதே, அவங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

முதல் இரண்டு வருஷமும் அணியில் அதிகம் கூடை போட்டவள் நான்தான். அதை அவளுக்கு ஞாபகப்படுத்தலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. ஏணி என் கையைப் பிடித்து அழுத்தினாள். "போனா ரெண்டு பேரும் போறோம்டி" என்றாள். சரி என்றேன்.

அந்த வேலை எனக்கு எதற்கென்று சொல்லிவிடுகிறேன். அம்மாவின் இடது தோள் தேய்ந்துவிட்டது. கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாது. காலையில் நான்தான் அவளுக்குத் தலை சீவிவிடுவேன். அந்தக் கையோடுதான் பகலெல்லாம் கல் பிடித்தாள். டாக்டர் இனிமேல் எடை தூக்கக் கூடாது என்றார். "அப்ப சோத்தை யாரு தூக்குவா?" என்று அவரிடமே கேட்டுவிட்டு வந்துவிட்டாள். "இன்னும் ஒரு வருஷம் தாங்கும். அதுக்குள்ள நீ ஒரு வேலையில உக்காந்துடு" என்றாள் என்னிடம். நானும் அந்த ஒரு வருஷத்தைத்தான் நாள் நாளாகக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, ஜெயித்தோம். முதல் ஆட்டத்தில் எதிரணிப் பெண்கள் நாங்கள் "கை, கை" என்று கத்துவதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இடைவேளையில் இருபது புள்ளி பின்னால் இருந்தார்கள், சிரிப்பு நின்றது. நாலாவது ஆட்டத்திலிருந்து கூட்டம் சேர ஆரம்பித்தது. என்னைப் பார்த்து "சூளைக்குத் தீ வைக்கலாமா" என்று கத்துவார்கள். கேன்டீன்காரர் கூடத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

ஒருநாள் அம்மா கேட்டாள்.

"இன்னிக்கு எத்தனை போட்டே?"

"ரெண்டு."

"அந்த நெட்டைப் பொண்ணு?"

"இருபத்தாறு."

"அப்ப நீ என்னதான் பண்ணிக்கிட்டிருந்தே?"

"கீழே நின்னு வீசிக்கிட்டிருந்தேன்."

கொஞ்சம் யோசித்தாள். "ஓ. அப்ப சரி."

அவளுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பன்னிரண்டாவது ஆட்டத்துக்கு அப்புறம் ஏணி மாறிப்போனாள். என் பையை அவளே தூக்கிக்கொண்டாள். அவளுக்கென்று வாங்கின புது முட்டி உறையை எனக்குக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கட்டடத்துக்கு வருவது மட்டும் நின்றது, ஓய்வு வேண்டும் என்று மேடம் சொன்னதாகச் சொன்னாள். பாசம் முற்றிவிட்டது என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

இறுதி ஆட்டம் உள்ளரங்கில் நடந்தது. மரத்தரை. அம்மா அரைநாள் வேலையை விட்டுவிட்டு முதல் தடவையாக ஆட்டம் பார்க்க வந்தாள். மேல் வரிசையில், கீழே இருப்பதெல்லாம் விலை உயர்ந்த இடம் என்று நினைத்துக்கொண்டு, சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இடைவேளையில் மூன்று புள்ளி பின்னால் இருந்தோம்.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு வழுக்கைத்தலைக்காரர் கைகழுவ வந்தார். சட்டைப் பையில் துறைமுகக் கம்பெனியின் முத்திரை, அக்குளில் ஃபைல்.

"நீதானேம்மா அந்தப் பாஸ் போடற பொண்ணு? நல்லா போடறே."

"நன்றி சார்."

"பாஸ் போட எங்ககிட்ட ஆள் இருக்கு. கடைசி நேரத்துல கூடையில போடற ஆள்தான் இல்லே. ஒரே இடம் பாரு."

"ரெண்டு இடம் சார்."

"ரெண்டா? அது வருஷ ஆரம்பத்துல சொன்னது. ஒண்ணாக் குறைச்சு உங்க மேடத்துக்கு லெட்டர் போட்டு மூணு வாரம் ஆச்சே. உங்க நெட்டைப் பொண்ணு பேரை எழுதி அனுப்பியிருக்காங்க. இருந்தாலும் நான் கண்ணால பார்க்காம கையெழுத்துப் போட மாட்டேன். இன்னிக்கு ஆட்டத்தை யார் முடிக்கிறாங்கன்னு பார்ப்போம்." கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே போனார். நல்ல மனிதர். என் தலையில் எதைப் போட்டுவிட்டுப் போகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

உடை மாற்றும் அறையில் ஏணி குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் முன்னால் போய் நின்றேன்.

"ஒரே இடம்தானாமே."

லேஸை அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"இப்ப எதுக்குடி? மேட்ச் முடியட்டும்."

"மூணு வாரமாத் தெரியுமா?"

"மேடம்தான் சொல்ல வேண்டாம்னாங்க. சொன்னா நீ பாஸ் போட மாட்டே, கப்பு போயிடும்னாங்க." நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "எங்க அப்பா படுத்த படுக்கையா கெடக்கறார்டி. உனக்குத் தெரியாதா?"

"எங்க அம்மா நின்ன நெலையிலயே தேஞ்சுக்கிட்டிருக்கா. அது உனக்குத் தெரியாதா? கூட நின்னு கல்லு பிடிச்சவதானே நீ?"

விசில் ஊதிவிட்டார்கள்.

இரண்டாம் பாதியில் நான் பாஸ் போடவில்லை. பந்து கிடைத்ததும் ரிங்கைப் பார்த்தேன். முதல் இரண்டு தவறிப்போனது, ஒரு வருஷமாக அதிகம் தூக்காத கை. மூன்றாவது உள்ளே போனது, நாலாவதும் போனது. "பாஸ், பாஸ்!" என்று மேடம் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். கேட்காததால் என்னை வெளியே கூப்பிட்டுப் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"என்னடி பண்ணிக்கிட்டிருக்கே?"

"ஷூட் பண்றேன் மேடம்."

"யாரு சொன்னா?"

"துறைமுகத்துக்காரர் சொன்னார்."

அவள் முகம் விழுந்துபோனது. முட்டி பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "மேட்ச் முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்றாள். எல்லாருக்குமே அது முடிந்தாக வேண்டியிருந்தது.

"என்னைப் பத்திப் பேசறேன்னீங்களே. பேசினீங்களா?"

"பேசி என்ன சொல்றது? தாள்ல உன் பேருக்கு நேரா என்ன இருக்கு, காட்டறதுக்கு?"

ஷூட் பண்ணாதே என்றவளும் அவள்தான்.

நான் உட்கார்ந்திருந்த அந்த மூன்று நிமிஷத்தில் ஏழு புள்ளி பின்னால் போய்விட்டோம். வேறு வழியில்லாமல் என்னை உள்ளே விட்டாள். மறுபடி போட்டேன். அந்தப் பாதியில் மட்டும் பதினோரு புள்ளி. மேல் வரிசையில் அம்மா எழுந்து நிற்பது தெரிந்தது. வழுக்கைத்தலைக்காரர் ஃபைலை மடியில் விரித்துவைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு செகண்ட் இருந்தது. நாங்கள் ஐம்பத்தாறு, அவர்கள் ஐம்பத்தேழு, பந்தும் அவர்களிடம். அவர்களுடைய நாலாம் நம்பர்க்காரி பக்கத்தில் இருப்பவளுக்குத் தட்டியபோது நான் நடுவில் கையைக் கொடுத்தேன். பந்து என்னிடம். ஓடினேன். நடுக்கோட்டைத் தாண்டியபோது எனக்கு முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. ரிங்கும் நானும்தான். துரத்தி வந்தவள் இரண்டடி பின்னால் இருந்தாள். இரண்டு எட்டு வைத்து மெதுவாக மேலே விட்டால் போதும். குழந்தைகூடப் போடும்.

இடது பக்கம், கொஞ்சம் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கை!"

பந்து என் கையில் இல்லை.

நான் முடிவு பண்ணி விடவில்லை. அந்தக் குரலுக்கு என் கை பத்து வயதிலிருந்து திறந்து பழகியிருக்கிறது. ஏணி பிடித்தாள், எகிறினாள், போட்டாள். மணி அடித்தது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு.

எல்லாரும் அவள் மேல் விழுந்து குவிந்தார்கள். மேடம் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நான் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். அணியிலேயே சின்னவள் குட்டி என்னைப் பார்த்து, "நீயே போட்டிருக்கலாமேக்கா, உன் முன்னாடி யாருமே இல்லையே" என்றாள். வழுக்கைத்தலைக்காரர் என்னைக் கடந்து போகும்போது, "நல்ல பாஸ்மா" என்றார். பேனாவைத் திறந்துகொண்டே ஏணியிடம் போனார்.

அம்மா படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி வந்தாள்.

"ஏன்டி விட்டே?"

"கை சொன்னா."

அம்மா அந்தப் பக்கம் பார்த்தாள். ஏணியை நாலு பேர் தூக்கி வைத்திருந்தார்கள், ரிங்கைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ கை காலியாத்தானே இருந்துச்சு?"

"காலியாத்தான் இருந்துச்சு."

அப்ப சரி என்று அம்மா சொல்லவில்லை.

மேடத்துக்கு நாற்காலி கிடைத்தது. எனக்குப் பரீட்சை முடிந்தது. வேறு இரண்டு இடங்களில் வேலை கேட்டேன், கூப்பிட்டு அனுப்புகிறோம் என்றார்கள். அதுவரைக்கும் வீட்டில் உட்கார்ந்திருக்க எங்களுக்கு வசதியில்லை, அம்மாவோடு கட்டடத்துக்குப் போனேன். மூன்று மாடி ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடிக்குக் கல் ஏறிக்கொண்டிருந்தது. தரையில் ஒரு புது சித்தாள், சாரத்தில் நான், மேல் தளத்தில் அம்மா.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் ஏணி வந்தாள். புதுச் செருப்பு, கையில் கம்பெனிக் கடித உறை. மேஸ்திரி "அட, துறைமுகமே நடந்து வருது" என்றார். அவள் சிரித்துக்கொண்டே சாரத்தில் என்னைத் தாண்டி மேலே ஏறினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மேலே அம்மாவிடம் பேசுவது எனக்குக் கேட்டது.

"அம்மா, திங்கக்கிழமை சேரச் சொல்லியிருக்காங்க."

"நல்லாயிரு."

"நீங்க உக்காருங்கம்மா. கொஞ்ச நேரம் நான் பிடிக்கறேன். தோள் வலிக்குமே."

அம்மா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி வைக்கிற சத்தம் வந்தது. கீழே இருந்து என் கைக்கு ஒரு ஜோடி கல் வந்தது.

"கை!" என்றாள் ஏணி.

நான் வைத்துக்கொண்டேன். அதே குரலுக்குக் கீழே இருந்தவள் அடுத்த ஜோடியை விட்டுவிட்டாள். அது என் முழங்கையில் அடித்து, சாரப் பலகையில் மோதி, இரண்டாக உடைந்து கீழே போனது. புது சித்தாள் அலறிக்கொண்டு விலகினாள். மேஸ்திரி என் பரம்பரையை இழுத்துத் திட்டினார். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

மேலே இருந்து ஏணி எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னடி, கை சொன்னேன்ல?"

"கேட்டுச்சு."

அவளுக்குப் பின்னால் அம்மா எழுந்து வந்தாள். என் முழங்கையைப் பார்த்தாள், கையில் இருந்த கல்லைப் பார்த்தாள்.

"நீ இறங்கிப் போம்மா" என்றாள் ஏணியிடம்.

"அம்மா, உங்க தோளு..."

"தோளு என்னுது. இறங்கு."

ஏணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். என்னைத் தாண்டும்போது ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் இரண்டு கையிலும் கல்லோடு நின்றேன், அவள் போக இடம் மட்டும் விட்டேன். கீழே மணல் குவியலைச் சுற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், வேகமாகப் போய்விட்டாள்.

அம்மா தளத்தின் விளிம்பில் காலை அகட்டி நின்றாள். வலது கையை முன்னால் நீட்டினாள். இடது கை இடுப்பு உயரத்துக்குத்தான் வந்தது.

"கை!"

ஜோடியில் ஒன்றைப் பலகையில் வைத்துவிட்டு, ஒரே ஒரு கல்லை வீசினேன். பிடித்தாள்.

"ரெண்டா வீசுடி" என்றாள். "பொழுது போகுது."

இரண்டாக வீசினேன்.